கழிவுநீர் மாதிரி எடுப்பது எப்படி: அனுமதி ஆணை முதல் ஆய்வக அறிக்கை வரை

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் வெளியேற்ற வாய்க்காலில் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மினுங்கும். ஆய்வக அறிக்கையிலோ எண்ணெய்-கிரீஸ் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று வரும். மூன்று மாதம் இப்படியே போனது. நல்ல செய்தியை யார் தோண்டித் துருவுவார்கள்? கடைசியில், தானாகவே மாதிரி எடுக்கும் கருவியான ஆட்டோ சாம்ப்ளரின் உறிஞ்சுகுழாயை மாற்றுவதற்காகக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்சுவர் முழுக்க எண்ணெய் வழவழவென்று படிந்திருந்தது. கழிவுநீரில் இருந்த எண்ணெயில் பெரும்பகுதி குழாயிலும் பிளாஸ்டிக் கேனிலும் ஒட்டிக்கொண்டு, மிச்சத் தண்ணீர்தான் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. நேரடியாகக் கண்ணாடி பாட்டிலில் எடுத்த முதல் மாதமே அளவு வரம்பைத் தாண்டியது.

ஆய்வகம் கொடுத்த தண்ணீரைச் சரியாகத்தான் அளந்தது. கோளாறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பாட்டிலை எங்கே முக்கினோம், எப்போது முக்கினோம், எதில் ஊற்றி வைத்தோம் என்பதிலேயே அறிக்கையின் எண் பெருமளவு முடிவாகிவிடுகிறது. மோசமாக எடுத்த மாதிரி நம்மைப் பொய்யாகத் தோற்கடிக்கலாம், பொய்யாகத் தேர்ச்சியும் பெற வைக்கலாம். இரண்டில் ஆபத்தானது இரண்டாவதுதான், ஏனென்றால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

## படி 1: அனுமதி ஆணையைப் பென்சிலோடு படியுங்கள்

பாட்டில் வாங்குவதற்கு முன் வெளியேற்ற அனுமதியை முழுசாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு அளவுருவுக்கும் (அளக்க வேண்டிய பொருள் அல்லது பண்பு) ஆறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வெளியேற்ற முனை (கழிவுநீர் வெளியேறும் இடம்), எந்த வகை மாதிரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்ன வரம்பு, அந்த வரம்பு எந்தக் காலத்துக்கு, எந்தச் சோதனை முறை. இதை ஒரே பக்க அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வரம்பு எந்தக் காலத்துக்கு என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு நாளின் உச்ச வரம்பு லிட்டருக்கு 100 மி.கி., மாதச் சராசரி வரம்பு 60 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒரே மாதிரி எடுக்கிறீர்கள், விடை 75. நாள் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை எண்ணேதான் மாதச் சராசரியும், ஆகவே மீறல். அதே மாதத்தில் இன்னும் மூன்று மாதிரிகள் எடுத்து அவை 50, 45, 55 என்று வந்திருந்தால் சராசரி 56.25, வரம்புக்குள் வந்திருக்கும். அதனால் மாதத்தின் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. கடைசி நாளில் எடுத்தால் கூடுதல் மாதிரிக்கு நேரம் இருக்காது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அங்கீகரித்த முறையில், குறிப்பிட்ட முனையில் எடுத்த எல்லா விடைகளையும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்று பல அனுமதிகள் சொல்கின்றன. பிடித்ததைக் காட்டிப் பிடிக்காததை மறைக்கும் வசதி இதில் கிடையாது.

சில வரம்புகள் செறிவாக இல்லாமல் எடையாக, நாளுக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். கணக்கு எளிது: லிட்டருக்கு மி.கி. × நாளுக்குக் கன மீட்டர் ÷ 1000 = நாளுக்குக் கிலோ. ஓட்ட அளவு தப்பினால் இந்த எண்ணும் தப்பும்.

அடுத்து ஆய்வகத்துக்கு ஒரு போன். ஆய்வகங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் இருக்கிறதா, அது உங்களுக்கு வேண்டிய அளவுருக்களையும் உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். அவர்கள் அறிவிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்பதையும் கேட்க வேண்டும். வரம்பு 0.1 ஆக இருக்கும்போது ஆய்வகம் '0.2-க்குக் குறைவு' என்று எழுதித் தந்தால் அந்தக் காகிதத்தால் எதையும் நிரூபிக்க முடியாது.

## படி 2: முனையைத் தேர்ந்து, பெயின்ட் அடித்துக் குறியுங்கள்

மாதிரி எடுக்கும் இடம் கடைசிச் சுத்திகரிப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். குளிர்விப்பு நீர், மழைநீர், வேறு எந்த நல்ல தண்ணீரும் வந்து கலப்பதற்கு முன்னால் இருக்க வேண்டும். கலந்த பிறகு எடுத்தால் நீர்த்துப்போன கழிவைத்தான் அளக்கிறோம். அனுமதியில் முனை பெயரிட்டுக் குறிக்கப்பட்டிருந்தால் அதுதான் முனை. வசதிக்காகப் பத்தடி தள்ளி எடுக்கக் கூடாது.

அந்த முனைக்குள்ளும் எந்த இடம் என்று ஒரு கேள்வி உண்டு. தண்ணீர் நன்றாகக் கொந்தளித்துக் கலக்கும் இடம் வேண்டும். வி-நாட்ச் தடுப்புக்கு (ஓட்டத்தை அளக்க V வடிவில் வெட்டிய தடுப்புத் தகடு) முன்னால் தேங்கி நிற்கும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், கையும் எளிதில் எட்டும். ஆனால் அங்கே திடப்பொருள் அடியில் படிந்துவிடும், எண்ணெய் மேலே மிதக்கும். நடுவில் முக்கினால் இரண்டுமே பாட்டிலுக்குள் வராது. தடுப்பைத் தாண்டி விழுந்து கலங்கும் இடமே நல்லது. வாய்க்கால் என்றால் அகலத்தில் நடுப்பகுதி, ஆழத்தில் 40 முதல் 60 சதவீதத்துக்குள். மேல்நுரையை அள்ள வேண்டாம், அடிச்சேற்றைக் கிளற வேண்டாம், சுவர்ப்பாசியை உரச வேண்டாம்.

மாதிரிக் குழாய் இருந்தால் திறந்த உடனே பிடிக்காதீர்கள். குழாய்க்குள் தேங்கியிருந்த பழைய தண்ணீர் முழுக்க வெளியேறட்டும்.

இடத்தை முடிவு செய்த பிறகு சுவரில் பெயின்ட் அடித்து, படம் எடுத்து, எண் கொடுத்து வைத்துவிடுங்கள். காலை ஷிப்ட் ஆள் ஓரிடம், இரவு ஷிப்ட் ஆள் வேறிடம் என்று எடுத்தால், விடைகள் ஏறி இறங்குவது சுத்திகரிப்பாலா கைமாற்றத்தாலா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

## படி 3: ஓட்டத்தை முதலில் சரிபாருங்கள்

மாதிரி எடுப்பவர்கள் ஓட்டத்தை அளக்கும் ப்ளோ மீட்டரை வேறு துறையின் சொத்தாகப் பார்க்கிறார்கள். அது தவறு. கூட்டு மாதிரி (நாள் முழுக்கச் சிறுசிறு பங்காகச் சேர்ப்பது), எடைக் கணக்கு எல்லாமே அதன் தலையில்தான் நிற்கின்றன.

90 பாகை வி-நாட்சில் ஓட்டம் ஏறக்குறைய 1.38 × உயரத்தின் 2.5 அடுக்கு, உயரம் மீட்டரில், விடை வினாடிக்குக் கன மீட்டரில். உயரம் 20 செ.மீ. என்றால் மணிக்குச் சுமார் 89 கன மீட்டர். இதையே 18 செ.மீ. என்று தவறாகப் படித்தால் 68 கன மீட்டர்தான் வரும். உயரத்தில் 10 சதவீதப் பிழை ஓட்டத்தில் 23 சதவீதப் பிழையாகிவிடுகிறது. அதனால் உயரத்தைத் தடுப்பின் விளிம்பில் அளக்கக் கூடாது; அங்கே தண்ணீர் வளைந்து இறங்கும். உச்ச நீருயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். நாட்சில் சிக்கிய நூல், பிளாஸ்டிக், பாசி எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். சென்சார் காட்டும் உயரத்தை ஓர் ஸ்கேலை வைத்து மாதம் ஒருமுறையாவது ஒப்பிட்டுக் குறித்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

## படி 4: கிராப் எதற்கு, கூட்டு மாதிரி எதற்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வெந்ததால் சரி. ஆலைக் கழிவுநீர் அப்படியில்லை. காலை பத்து மணிக்குத் தொட்டி கழுவுவார்கள், இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும், இரவில் ஒரு சாயத் தொட்டியைத் திறந்துவிடுவார்கள். எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது?

ஒரு கணத்தில் ஒரே பாட்டிலில் எடுப்பது கிராப் மாதிரி. ஒரு நாள் முழுக்கச் சிறுசிறு பங்குகளாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது கூட்டு மாதிரி. பிஓடி (நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), சிஓடி (வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), டிஎஸ்எஸ் (மிதக்கும் மொத்தத் திடப்பொருள்), உலோகங்கள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மணி நேரக் கூட்டு மாதிரி கேட்பார்கள். பிஎச், வெப்பநிலை, எஞ்சிய குளோரின், எண்ணெய்-கிரீஸ், சயனைடு, சல்பைடு, பீனால், ஆவியாகும் கரிமப் பொருள்கள், கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகியவற்றுக்கு கிராப்தான். இவை காத்திருந்தால் மாறும், பறந்துபோகும், சுவரில் ஒட்டும். ஆரம்பத்தில் சொன்ன எண்ணெய்க் கதை நடந்ததும் இந்த வேறுபாட்டை மறந்ததால்தான்.

கூட்டு மாதிரியிலும் இரண்டு வகை. மணிக்கு ஒரு பங்கு என்று நேரப்படி எடுப்பது ஒன்று. இத்தனை கன மீட்டர் ஓடியதும் ஒரு பங்கு என்று ஓட்டப்படி எடுப்பது இன்னொன்று. வித்தியாசம் சின்னதுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு.

ஒரு ஆலையில் 20 மணி நேரம் மணிக்கு 10 கன மீட்டர் ஓடுகிறது, அப்போது சிஓடி லிட்டருக்கு 100 மி.கி. மீதி 4 மணி நேரம் கழுவும் வேலை. மணிக்கு 60 கன மீட்டர், சிஓடி 400. நேரப்படி எடுத்த கூட்டு மாதிரி 150 காட்டும். ஓட்டப்படி எடுத்தது 264 காட்டும். வெளியே போனது 440 கன மீட்டர், அதில் சிஓடி 116 கிலோ. இதுதான் உண்மை, இதோடு பொருந்துவது 264 மட்டுமே. வரம்பு 250 என்றால் ஒரே நாள், ஒரே தண்ணீர், ஒரு முறையில் தேர்ச்சி, இன்னொன்றில் மீறல். நேரப்படி எடுக்க அனுமதி இடம் தந்தாலும், ஓட்டம் இப்படி ஏறி இறங்கும் ஆலையில் நான் ஓட்டப்படியே எடுப்பேன். உண்மையான எண் தெரியாமல் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டவே முடியாது.

தொட்டியாகச் சேர்த்துவைத்து மொத்தமாகத் திறந்துவிடும் ஆலையா? தொட்டி நன்றாகக் கலங்கும்போது எடுங்கள். கலக்கும் வசதி இல்லாவிட்டால் வெளியேற்றத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று பங்காவது வேண்டும். அடியில் படிந்தது எந்த நேரத்தில் வெளியேறும் என்பது வெளியேற்றும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## படி 5: ஆட்டோ சாம்ப்ளரை அமைப்பது

ஒவ்வொரு பங்கும் குறைந்தது 100 மி.லி. இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் திடப்பொருள் சரியான விகிதத்தில் வராது. இப்போது மேலே சொன்ன ஆலைக்குக் கணக்குப் போடுவோம். 10 லிட்டர் கேன், நாளுக்கு 440 கன மீட்டர். 5 கன மீட்டருக்கு ஒரு பங்கு என்றால் 88 பங்கு, 8.8 லிட்டர். பொருந்துகிறது, ஆனால் அன்றைக்கு ஓட்டம் 550-ஐத் தொட்டால் 11 லிட்டராகிக் கேன் வழிந்துவிடும். 6 கன மீட்டருக்கு ஒன்று என்றால் 73 பங்கு, 7.3 லிட்டர், 600 கன மீட்டர் வரை தாங்கும். ஓட்டம் 240-க்கு இறங்கிய மந்தமான நாளிலும் 4 லிட்டர் கிடைக்கும். ஆய்வகத்துக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, குறைந்தபட்ச நாளுக்கும் உச்ச நாளுக்கும் இப்படிப் பார்த்துத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

உறிஞ்சுகுழாயின் உள்விட்டம் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பரவலாக இருப்பது 9.5 மி.மீ. குழாய்க்குள் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டராவது இருந்தால்தான் கனமான துகள்கள் மேலே ஏறும். சாம்ப்ளரிலிருந்து தண்ணீர் வரை குழாய் தொய்வில்லாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் முந்தைய பங்கின் தண்ணீர் அங்கே தங்கி அடுத்ததில் கலக்கும். ஒவ்வொரு பங்குக்கும் முன்னும் பின்னும் காற்றை ஊதிக் குழாயைக் காலி செய்யும் அமைப்பை இயக்கி வையுங்கள்.

குழாயை உருளைகளால் அழுத்தித் தண்ணீரை இழுக்கும் பெரிஸ்டால்டிக் பம்பின் சிலிகான் குழாய் தேயும். தேயத் தேய பங்கின் அளவு குறையும். ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன் அளவுக் குடுவையில் மூன்று முறை இறக்கிப் பாருங்கள், 100-க்கு 10 மி.லி. முன்பின் பரவாயில்லை. இதை மேஜைமேல் வைத்து வாளித் தண்ணீரில் செய்யாதீர்கள். சாம்ப்ளர் இருக்கும் அதே உயரத்தில், அதே குழாயில் செய்ய வேண்டும்.

24 மணி நேரமும் கேன் 6°செ.க்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியைப் போட்டு வைத்துத் தொடக்கத்திலும் முடிவிலும் படித்து எழுதுங்கள். குளிர்ச்சி நின்றுபோன கேனில் நுண்ணுயிரிகள் ராத்திரி முழுக்க விருந்து சாப்பிட்டிருக்கும். காலையில் பிஓடி குறைந்து அழகாக வரும்.

## படி 6: பாட்டில், மருந்து, கெடு

மருந்து என்பது மாதிரி மாறாமல் இருக்கச் சேர்ப்பது; கெடு என்பது சோதனைக்கு முன் மாதிரியை வைத்திருக்கக்கூடிய அதிகபட்ச நேரம். கீழே உள்ளவை பரவலாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் அனுமதியோ ஆய்வகமோ வேறு சொன்னால் அவர்கள் சொல்வதே சரி. நீர் மாதிரி எடுப்பதற்கான ஐஎஸ்ஓ 5667 தர வரிசையில் பகுதி 3 மாதிரியைப் பாதுகாப்பது பற்றியும், பகுதி 10 கழிவுநீர் மாதிரி எடுப்பது பற்றியும் பேசுகின்றன.

- பிஓடி: பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி, மருந்து வேண்டாம், குளிர்ச்சி மட்டும். 48 மணி நேரம்.
- டிஎஸ்எஸ்: அதேபோல். 7 நாள்.
- சிஓடி, அம்மோனியா, மொத்த பாஸ்பரஸ்: கந்தக அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே, குளிர்ச்சி. 28 நாள்.
- எண்ணெய்-கிரீஸ்: அகலவாய்க் கண்ணாடி பாட்டில், ஹைட்ரோகுளோரிக் அல்லது கந்தக அமிலம், பிஎச் 2-க்குக் கீழே, குளிர்ச்சி. 28 நாள்.
- உலோகங்கள்: நைட்ரிக் அமிலம், பிஎச் 2-க்குக் கீழே. 6 மாதம், பாதரசத்துக்கு மட்டும் 28 நாள்.
- ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்: அமிலம் கூடவே கூடாது, குளிர்ச்சி மட்டும். 24 மணி நேரம்.
- சயனைடு: காஸ்டிக் சோடா, பிஎச் 10-க்கு மேல், பல ஆய்வகங்கள் 12 கேட்கும். குளிர்ச்சி. 14 நாள்.
- சல்பைடு: துத்தநாக அசிடேட், காஸ்டிக் சோடா, பிஎச் 9-க்கு மேல், குளிர்ச்சி. 7 நாள்.
- கோலிஃபார்ம்: கிருமி நீக்கிய பாட்டில், குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட், 10°செ.க்குள். 8 மணி நேரம்.
- பிஎச், எஞ்சிய குளோரின்: 15 நிமிடம். அதாவது அங்கேயே நின்று அளக்க வேண்டும்.

கூட்டு மாதிரிக்கு இந்தக் கெடு கடைசிப் பங்கு விழுந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். அமிலத்தைப் பெரிய கேனிலேயே முன்கூட்டி ஊற்றிவைக்கும் 'புத்திசாலித்தனத்தை' ஓரிரு இடங்களில் பார்த்திருக்கிறேன். அமிலம் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும், பிஓடி மாதிரி செத்தது. கேன் முடிந்த பிறகு பாட்டில்களாகப் பிரித்து, எதற்கு எது வேண்டுமோ அதை மட்டும் சேர்க்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, சத்தமாகவே சொல்கிறேன்: சயனைடு அல்லது சல்பைடு இருக்கும் கழிவுநீரில் அமிலம் விழுந்தால் ஹைட்ரஜன் சயனைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பும். இரண்டும் ஆளைக் கொல்லும் வாயுக்கள். அத்தகைய ஆலைகளில் அமிலம் ஊற்றிய பாட்டில்களைத் திறந்த காற்றோட்டத்தில், முகத்தைத் தள்ளி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அமிலம் சேர்த்ததும் பிஎச் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தாளைப் பாட்டிலுக்குள் முக்காதீர்கள்.

## படி 7: எடுக்கும் நாள்

முதலில் உயிர். மேன்ஹோலுக்குள் இறங்குவது மாதிரி எடுக்கும் வேலையின் பகுதி அல்ல. நீளமான கம்பில் கட்டிய கோப்பையோ குழாயோ போதும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது அடைப்பிட வேலை. வாயு அளவி, பயிற்சி பெற்ற ஆள், மேலே ஒரு காவல், இழுத்துத் தூக்கும் கருவி, எழுத்து அனுமதி எல்லாம் வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும்.

லேபிளைப் பாட்டில் காய்ந்திருக்கும்போதே ஒட்டி, அழியாத மையில் எழுதுங்கள்: முனை எண், தேதி, அளவுரு, சேர்த்த மருந்து, எடுத்தவர். நேரத்தை மட்டும் எடுத்த பிறகு நிரப்பலாம். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும்.

புதிய நைட்ரைல் கையுறை போடுங்கள், முனைக்கு முனை மாற்றுங்கள். எண்ணெய்-கிரீஸ் பாட்டிலையும், கோலிஃபார்ம் பாட்டிலையும், மருந்து ஊற்றிய எந்தப் பாட்டிலையும் கழிவுநீரால் அலசக் கூடாது. அலசினால் எண்ணெய் உள்ளே ஒட்டிக் கூடுதலாகக் காட்டும். மருந்து இருந்தால் அதுவும் போய்விடும். பாட்டிலின் வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, ஒரே முக்கில் எடுங்கள். கோலிஃபார்ம் பாட்டிலில் மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். ஆவியாகும் பொருள்களுக்கான 40 மி.லி. குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. மூடித் தலைகீழாகத் திருப்பி, விரலால் தட்டிப் பாருங்கள். எண்ணெய்-கிரீஸ் பாட்டிலை முட்ட நிரப்பாமல், தோள்வரை நிரப்பினால் போதும். ஆய்வகம் முழுப் பாட்டிலையும் கரைப்பானால் கழுவித்தான் சோதிக்கும், ஆகவே அதை இன்னொரு பாட்டிலுக்கு மாற்றவோ பங்கு பிரிக்கவோ முடியாது.

கூட்டு மாதிரிக் கேனிலிருந்து பிரிப்பதுதான் பலரும் அலட்சியமாகச் செய்யும் கட்டம். கேனைக் குலுக்கிவிட்டு வரிசையாக ஐந்து பாட்டில் நிரப்பினால், முதல் பாட்டிலுக்கும் ஐந்தாவதுக்கும் டிஎஸ்எஸ் ஒன்றாக வராது; கனமான துகள் சில வினாடிகளில் இறங்கிவிடும். ஒரு ஆள் தொடர்ந்து கலக்கிக்கொண்டே இருக்க இன்னொருவர் ஊற்ற வேண்டும். எல்லாப் பாட்டிலிலும் மூன்றில் ஒரு பங்கு, மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று என்று நிரப்பினால் இன்னும் நல்லது.

கரைந்த உலோகம் கேட்டிருந்தால் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டிய பிறகே அமிலம். வரிசை மாறினால் துகளில் இருந்த உலோகமும் கரைந்து, அறிக்கையில் உங்கள் தலையில் ஏறும். மொத்த உலோகத்துக்கு வடிகட்டவே கூடாது.

பிஎச் மீட்டரை அன்றைக்கே, அளக்கப்போகும் மதிப்பை இருபுறமும் அணைக்கும் இரண்டு பஃபர்களில் (பிஎச் தெரிந்த கரைசல்கள்) சரிசெய்யுங்கள்; கழிவுநீர் 8.5 என்றால் 7, 10. பிறகு மூன்றாவது பஃபரில் ஒரு சோதனை. எண்களைப் பதிவேட்டில் எழுதாவிட்டால் சரிசெய்யவே இல்லை என்றுதான் பிறகு கருதப்படும்.

அப்புறம் குறிப்பேடு. வானிலை, ஓட்டம், தண்ணீரின் நிறம், நுரை, அன்று ஆலையில் என்ன ஓடியது, சாம்ப்ளர் எத்தனை பங்கு எடுத்தது, எத்தனை தவறியது எல்லாவற்றையும் எழுதுங்கள். பிழை எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. வெள்ளை மை பூசிய பக்கத்தை எந்த ஆய்வாளரும் நம்ப மாட்டார்.

## படி 8: ஐஸ், கைமாற்றம், சீல்

உண்மையான ஐஸைப் பாட்டில்களைச் சுற்றி நிறையப் போடுங்கள். ஜெல் பாக்கெட் மட்டும் வைத்தால் பெட்டி நினைத்த அளவு இறங்காது. வெறும் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் உள்ளே வையுங்கள், ஆய்வகம் அதில் வெப்பநிலை பார்க்கும், மாதிரியைத் திறக்க வேண்டியதில்லை.

கைமாற்றப் படிவத்தில் கொடுத்தவர், வாங்கியவர், தேதி, நேரம் ஒவ்வொரு கையிலும் பதிவாக வேண்டும். கூரியரில் போனால் பெட்டிக்கு சீல் வைத்து, சீல் எண்ணைப் படிவத்தில் எழுதுங்கள். பிஓடி மாதிரியை வாரக்கடைசியில் அனுப்புவதென்றால் ஆய்வகம் திறந்திருக்குமா, அன்றே சோதனை தொடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். 48 மணி நேரத்தில் பாட்டிலாகப் பிரிக்கும் நேரமும் பயணமும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். குளோரின் கலந்த நீர் என்றால் அதையும் படிவத்தில் எழுதுங்கள். ஆய்வகம் அதை முறித்துவிட்டு நுண்ணுயிர் விதை சேர்த்துத்தான் பிஓடி செய்ய வேண்டும்.

## படி 9: நம்மை நாமே சோதிப்பது

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி எடுங்கள்: ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு தனிப் பெயர்கள். விடைகள் 212, 238 என்று வந்தால் வித்தியாசம் 26, சராசரி 225, ஆக 11.6 சதவீதம், பரவாயில்லை. 40 சதவீதம் வந்தால் கலக்கியதிலோ இடத்திலோ ஏதோ தவறு. சாம்ப்ளர் குழாய் வழியாகச் சுத்தமான வாலைவடிநீரை இறக்கி ஒரு கருவி வெற்று மாதிரியும் அனுப்புங்கள். அதில் துத்தநாகமோ தாமிரமோ வந்தால் அது உங்கள் குழாயிலோ இணைப்பிலோ இருந்து வருகிறது. ஆவியாகும் பொருள்களுக்கு, ஆய்வகத்திலிருந்து மூடியபடி வந்து மூடியபடியே திரும்பும் பயண வெற்று மாதிரியும் வேண்டும்.

## படி 10: அறிக்கை வந்ததும்

முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள். பெட்டி வந்து சேர்ந்த வெப்பநிலை, சோதனை தொடங்கிய தேதி, பயன்படுத்திய முறை, கீழே பொடி எழுத்தில் உள்ள குறிப்புகள். இவற்றை முதலில் பாருங்கள். அப்புறம் பொருத்தம்: பிஓடி சிஓடியைவிடக் கூடுதலாக இருக்க முடியாது, கரைந்த உலோகம் மொத்த உலோகத்தைத் தாண்ட முடியாது. அப்படி வந்திருந்தால் பாட்டில் மாறியிருக்கலாம், நீர்த்தல் கணக்கு தப்பியிருக்கலாம்.

வரம்பைத் தாண்டிய எண் வந்தால் அனுமதியில் சொன்ன கால அளவுக்குள் தெரிவிப்பதுதான் முதல் வேலை. சிலவற்றில் அது 24 மணி நேரம். காரணம் தேடுவது அதோடு சேர்ந்தே நடக்கட்டும். உடனே ஆய்வகத்தைக் கூப்பிட்டு மிச்ச மாதிரியைக் கொட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், கெடு இருந்தால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டை எடுத்து அன்றைய ஓட்டம், தவறிய பங்குகள், குளிர்பெட்டி வெப்பநிலை, ஆலையில் நடந்த வேலை இவற்றை வரிசையாகப் பாருங்கள். புது மாதிரியை அதே முனையில், அதே முறையில் எடுங்கள். இரண்டாவது எண் நன்றாக வந்தாலும் முதல் அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். மாதிரி எடுத்ததில் பிழை இருந்தது என்று குறிப்பேடு காட்டினால் அதை எழுதி இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். குறிப்பேட்டில் அப்படி எதுவும் இல்லை என்றால் முதல் எண்தான் அன்றைய கழிவுநீரின் எண். தேட வேண்டியது அன்று ஆலைக்குள் எந்தத் தொட்டியைத் திறந்தார்கள் என்பதைத்தான்.